விலை சொன்னது யார்?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் எங்காவது ஒரு பழைய சாமி சிலை பிடிபட்டால், மறுநாள் பேப்பரில் ஒரு வரி தவறாமல் வரும்: 'சர்வதேசச் சந்தையில் இதன் மதிப்பு பல கோடி.' எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அந்த விலையைச் சொன்னது யார்? இன்ஸ்பெக்டரா? பிடிபட்ட ஆசாமியா?

1972-ம் வருடத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருடம் தாண்டிய சிலையைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. கோயிலில் திருடியதை உள்ளூரிலும் விற்க முடியாது. விற்கவே முடியாத பொருளுக்கு ஏது சார் சந்தை விலை? அது திருட்டுச் சந்தையின் விலை. அதைப் போலீஸும் பத்திரிகையும் சேர்ந்து ஓசியில் விளம்பரம் செய்வது, பூட்டில்லாத கோயிலுக்குத் திருடனை வழிகாட்டி அழைத்துப் போவது மாதிரி.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜர் கதை தெரிந்ததுதான். 2008-ல் ஆஸ்திரேலிய தேசிய கேலரி 50 லட்சம் டாலர் கொடுத்து, சுபாஷ் கபூரிடம் வாங்கியது. நிபுணர்களுக்கா அங்கே பஞ்சம்? சோழர் காலம், சரி. உலோகம், சரி. அழகு, கேட்கவே வேண்டாம். 'யாருடைய பொருள்?' என்ற கேள்விக்கு மட்டும், நீட்டிய போலிக் காகிதம் போதுமானதாக இருந்தது. 2014-ல் சிலையை நம் பிரதமரிடம் திருப்பிக் கொடுத்தார்கள். 50 லட்சம் டாலர் என்று மதிப்புப் போட்ட பொருள், வாங்கியவர் கணக்கில் பூஜ்யம். கோயிலுக்கோ அது என்றைக்கும் விலை போடாத சாமி.

திருட்டை விடுங்கள். நேர்மையாக ஒரு படத்தை விற்க நினைப்பவர் கதி என்ன?

நகையை அடகு வைக்கப் போனால் பாங்கில் அப்ரைசர் இருக்கிறார். உரைகல்லில் தேய்த்து, எடை போட்டு, சீட்டில் கையெழுத்துப் போடுகிறார். கவரிங் என்று பின்னால் தெரிந்தால் முதலில் அவரைத்தான் பிடிப்பார்கள். படத்துக்கு? வாங்க வந்தவரே விலையும் சொல்கிறார். 'இதெல்லாம் இப்ப போகாதும்மா. உங்க முகத்துக்காக பதினஞ்சாயிரம் தரேன்.' நகைக் கடைக்காரரே அப்ரைசராகவும் உட்கார்ந்தால் நம் வீட்டுப் பெண்கள் விடுவார்களா? படம் என்றால் மட்டும் வாயை மூடிக்கொள்கிறோம்.

எழும்பூர் ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், 1966-ல் தன் மாணவர்களையும் சகாக்களையும் சேர்த்து ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கிராமத்தைத் தொடங்கினார். அன்றைக்கு அது செங்கல்பட்டு மாவட்டத்து மணல்காடு. பாத்திக்கும் கைவினைப் பொருளும் செய்து விற்று, வயிற்றைக் கழுவிக்கொண்டு படம் வரைந்தார்கள். சென்னை ஓவியர்களின் அந்தத் தலைமுறையில் பலர் இன்று இல்லை. வரைந்ததெல்லாம் வாரிசுகள் கையில். விலை கேட்க அவர்கள் யாரிடம் போவது?

'கலைக்கு ஏது சார் விலை?' என்பார்கள் சிலர். வாங்கும்போது மட்டும். விற்கும்போது அதே வாய் வேறு பேசும். 2023-ல் அம்ரிதா ஷெர்கில் ஓவியம் 61.8 கோடிக்குப் போனது. 2025-ல் ஹுசேன் படம் நியூயார்க் ஏலத்தில் சுமார் 118 கோடி. இதைப் படித்துவிட்டுத் தாத்தா காலத்து ரவிவர்மாவை ஆணியிலிருந்து இறக்கித் தூசி தட்டுகிறவர்களும் உண்டு. (அவசரப்படாதீர்கள். ரவிவர்மா 1894-ல் அச்சகமே வைத்தவர். பூதக்கண்ணாடியில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால், அது அச்சடித்த படம்.)

பி.காமில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடங்களில் ஒன்று: கையிருப்புச் சரக்குக்கு அடக்க விலை, சந்தை விலை, இரண்டில் எது குறைவோ அதைப் போடு. படத்துக்கு இந்தக் கணக்கு உதவாது. இன்ஷூரன்ஸுக்கு ஒரு விலை, அவசரமாக விற்க ஒரு விலை, வரிக்கு ஒரு விலை. எதற்காகக் கேட்கிறாய் என்று கேட்காமல் விலை சொல்பவர் மதிப்பீட்டாளர் இல்லை, ஜோசியர். அரசாங்கம் இதில் தூங்கவில்லை. வீட்டில் மாட்டியிருந்த சொந்தப் படத்தை விற்றாலும் லாபத்துக்கு வரி என்று 2007 பட்ஜெட்டில் கொண்டுவந்தார்கள். சொந்தக்காரர் அல்லாதவர் 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள படத்தைப் பரிசாகக் கொடுத்தால் அதற்கும் வரி என்று 2009-ல் சேர்த்தார்கள். வரி கேட்கத் தெரிகிறது. மதிப்பு பார்க்க ஆள்? செங்கல்பட்டில் நின்று தேடிப் பாருங்கள். வீட்டுக்குக் கிடைப்பார், மனைக்குக் கிடைப்பார், மிஷினுக்குக்கூடக் கிடைப்பார்.

மாமல்லபுரத்தில் நிலைமை இன்னும் மோசம். 2017-ல் அந்த ஊர்க் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்குப் பெயர் வந்தது, செதுக்கியவருக்கு வரவில்லை. சிலைக்கு இத்தனை அடி, இத்தனை நாள் கூலி என்றுதான் விலை. சிற்பக் கல்லூரியில் வருடக்கணக்கில் படித்தவர் செய்தாலும் பில்லில் 'கைவினைப் பொருள்'. கலை, கைவினை என்று பிரிப்பதே ஒரு மதிப்பீடுதானே? அதைச் செய்தது யார்? இதில் கொடுமை, புதுசாகச் செய்த சிலையை வெளிநாடு அனுப்ப, 'இது தொல்பொருள் அல்ல' என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்க வேண்டும். கடத்துகிறவன் நிஜமான பழசையே கைவினைப் பொருள் என்று எழுதி அனுப்பிவிடுகிறான்.

மாமல்லபுரத்தில் அரசு சிற்பக் கல்லூரி 1957-லிருந்து இருக்கிறது. எழும்பூர் ஓவியக் கல்லூரிக்கு வயது 175 தாண்டிவிட்டது. கல், உலோகம், சாயம், கான்வாஸ் எல்லாம் தெரிந்த ஆசிரியர்கள் சம்பளத்தில் இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள் ஒரு மேஜை போடட்டும். அளவு, ஊடகம், யார் வரைந்தது, யார் யார் கையில் இருந்தது, எங்கே கீறல், இதே மாதிரி வேறு படம் எப்போது என்ன விலைக்குப் போனது, எல்லாவற்றையும் எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டுக் கொடுக்கட்டும். மேஜையில் உட்காருபவர் அந்தப் பொருளை வாங்கவும் கூடாது, வாங்க ஆள் பிடித்துத் தரவும் கூடாது.

கட்டணம் வாங்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? விலையில் சதவீதம் என்பது மட்டும் வேண்டாம், விலை ஏற ஏற அவர் வருமானமும் ஏறும். படம் ஒன்றுக்கு இவ்வளவு என்று வாசலிலேயே போர்டு மாட்டட்டும்.