தனிக்குடித்தனம் போன பெட்டிகள்

வீட்டில் உட்கார்ந்து நல்ல சங்கீதம் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவனை ஏமாற்றுவது சுலபம். அவனுக்குக் காது இருக்கிறது; அந்தக் காதின் மேல் நம்பிக்கைதான் இல்லை. "உங்களுடையது ஒற்றைப் பெட்டி ஆம்ப்ளிஃபயர்தானே? செபரேட்ஸ் கேட்டுப் பாருங்கள், அப்புறம் தெரியும்" என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும். அன்றிரவோடு அவனுடைய தூக்கம் போயிற்று.

விஷயம் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஆம்ப்ளிஃபயருக்கு வேலை இரண்டு. இசைத்தட்டு, ஸி.டி., ரேடியோ என்று வருகிறவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கூட்டிக் குறைப்பது ஒரு வேலை. அதை ஸ்பீக்கரை அசைக்கும் அளவுக்கு வலுவாக்குவது இன்னொரு வேலை. முதல் வேலை செய்கிறவர் பிரீ ஆம்ப்ளிஃபயர். அடுத்தவர் பவர் ஆம்ப்ளிஃபயர். இருவரும் ஒரே பெட்டிக்குள் குடியிருந்தால் இன்டக்ரேடட். ஆளுக்கொரு பெட்டி என்றால் செபரேட்ஸ். கூட்டுக் குடும்பம், தனிக்குடித்தனம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

தனிக்குடித்தனந்தான் உயர்ந்தது என்பது ஒரு கட்சி. அந்தக் கட்சிக்காரர்கள் பேசுவதைக் கேட்டால், ஒற்றைப் பெட்டிக்காரன் சங்கீதமே கேட்கவில்லை, ஏதோ சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று தோன்றும். இந்த அகம்பாவத்தைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன்.

பிரிவினை ஏன் வந்தது என்று பார்ப்போம். இங்கிலாந்தில் ஹண்டிங்டன் என்ற சிற்றூரில் பீட்டர் வாக்கர் நடத்திய கம்பெனி, 1953-ல் 'குவாட் 2' என்ற பவர் ஆம்ப்ளிஃபயரை வெளியிட்டது. அதற்குத் துணையாகத் தனியே ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. அது வால்வு யுகம். வால்வு என்றால் அடுப்பு மாதிரி சூடு; டிரான்ஸ்பார்மரோ நல்ல கனம். இசைத்தட்டின் முள்ளிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் மின்சாரம். அந்தப் பூஞ்சைச் சத்தத்தின் பக்கத்தில் கனத்த டிரான்ஸ்பார்மரை வைத்தால், பாட்டோடு மின்சாரத்தின் உறுமலும் சேர்ந்து வரும். ஆகவே சூடான, கனமான பெட்டி ஒரு மூலைக்குப் போயிற்று. திருகுகள் உள்ள சின்னப் பெட்டி கைக்கெட்டும் இடத்துக்கு வந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சின்னப் பெட்டிக்கு மின்சாரம் பெரிய பெட்டியிலிருந்துதான் போயிற்று. தனிக்குடித்தனம் போனாலும் சாப்பாடு பழைய வீட்டிலிருந்துதான்!

அதாவது, பிரிந்தது தேவையினால்; அந்தஸ்தினால் அல்ல. டிரான்ஸிஸ்டர் வந்தது, சூடு தணிந்தது, பெட்டி சுருங்கிற்று. 1982-ல் ஸி.டி. வந்தபோது, உள்ளே வருகிற மின்சாரமே இரண்டு வோல்ட் அளவுக்கு உயர்ந்துவிட்டது. மில்லிவோல்ட்டைக் காப்பாற்றுவதற்கு இருந்த அவசரத்தில் பெரும்பகுதி அதோடு தீர்ந்தது. காரணம் போன பிறகும் சடங்கு நிற்கிறது.

1978-ல் 'நாட்' கம்பெனியின் 3020 என்ற ஒற்றைப் பெட்டி வந்தது. ஒரு பக்கத்துக்கு இருபது வாட்தான், விலையும் குறைவு. அதை வைத்துக்கொண்டு உலகமெங்கும் எத்தனையோ குடும்பங்கள் ஆனந்தமாகப் பாட்டுக் கேட்டன. அதன் முதுகில் பிரீ ஆம்ப்ளிஃபயரையும் பவர் ஆம்ப்ளிஃபயரையும் இணைக்கிற சின்னக் கம்பிகள் உண்டு. வேண்டுமென்றால் கழற்றிவிட்டு இரண்டையும் தனித்தனியாகவும் உபயோகிக்கலாம். கூட்டுக் குடும்பத்துக்குள்ளேயே ஒரு கதவு வைத்த மாதிரி. இதைவிட நியாயமான ஏற்பாடு எது?

"இடது வலது ஒலிகள் ஒன்றோடொன்று கலந்துவிடுமே?" என்பார்கள். இசைத்தட்டின் முள்ளே இரண்டு பக்கத்தையும் இருபத்தைந்து முப்பது டெசிபலுக்கு மேல் பிரித்துக் கொடுப்பதில்லை. சுமாரான ஒற்றைப் பெட்டி அதைவிட எத்தனையோ மடங்கு நன்றாகப் பிரிக்கிறது. வாசலிலேயே கலந்து வருகிறவர்களைக் கூடத்தில் பிரித்து உட்கார வைத்து என்ன லாபம்?

"வாட் ஜாஸ்தி கிடைக்குமே?" என்பார்கள். ஐம்பது வாட்டை நூறு வாட்டாக்கினால் கூடுவது மூன்று டெசிபல். சத்தம் சற்றுத் தூக்கலாகும், அவ்வளவே. காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் ஏறக்குறையப் பத்து மடங்கு வாட் வேண்டும். சாதாரண அறையில் சாதாரண ஸ்பீக்கர், பெரும்பாலான நேரம் ஓரிரண்டு வாட்டிலேயே பாடிவிடுகிறது.

1987 ஜனவரியில் 'ஸ்டீரியோ ரெவ்யூ' என்ற அமெரிக்கப் பத்திரிகை ஒரு பரீட்சையை வெளியிட்டது. மலிவான ரிசீவர் ஒன்றையும் பல ஆயிரம் டாலர் பெறுமான ஆம்ப்ளிஃபயர்களையும் சத்தம் சமமாக வைத்து, எது எதுவென்று சொல்லாமல் கேட்கச் செய்தார்கள். கேட்டவர்கள் கண்டுபிடித்த லட்சணம், காசைச் சுண்டிப் போட்டுப் பூவா தலையா பார்த்ததற்கு மேல் போகவில்லை. கடையிலே மட்டும் வித்தியாசம் எப்படித் தெரிகிறது? அங்கே சத்தம் சமமாக இருப்பதில்லை. இம்மியளவு உரக்கப் பாடுகிற பெட்டி, காதுக்கு உயர்ந்த பெட்டியாகத் தோன்றிவிடும். விலைச்சீட்டும் கண்ணெதிரே தொங்குகிறது.

செபரேட்ஸுக்கு இடமே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. சில ஸ்பீக்கர்கள் இரண்டு மூன்று ஓம் வரை இறங்கி மின்சாரத்தை உறிஞ்சும். அவற்றுக்குப் பலசாலியான பவர் ஆம்ப்ளிஃபயர் வேண்டும். பெரிய ஹாலுக்கு வேண்டும். நல்ல பிரீ ஆம்ப்ளிஃபயரை ஏற்கெனவே வைத்திருப்பவர் அதை எறிய வேண்டாம். இவையெல்லாம் காரணங்கள். "ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போகலாம்" என்பது காரணமல்ல, கண்ணி. இன்றைக்கு 'மாற்றலாம்' என்பது நாளைக்கு 'மாற்ற வேண்டும்' ஆகிவிடும்.

எனக்குத் தெரிந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் பதினைந்து வருஷம் ஒற்றைப் பெட்டியில் மதுரை மணி ஐயரைக் கேட்டு உருகிக்கொண்டிருந்தார். வசதியுள்ள உறவினர் ஒருவர் வந்து, "இதெல்லாம் ஒரு ஸெட்டா?" என்று சொல்லிவிட்டுப் போனார். ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் ஒரு பங்கு இரண்டு கறுப்புப் பெட்டிகளாக மாறிற்று. இப்போதெல்லாம் அவர் ஸ்வரம் எங்கே விழுகிறது என்று பார்ப்பதில்லை. வயலின் இடது பக்கத்தில் எத்தனை அடி தள்ளிக் கேட்கிறது என்று பார்க்கிறார். பாதிப் பாட்டில் எழுந்து வயரை மாற்றுகிறார். பணம் போனதைக்கூடப் பொறுக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டிய ஒரு ரஸிகர் போய்விட்டாரே, அவரை எந்தக் கடையில் வாங்குவது?

ஸ்டீரியோவை உயர்த்த விரும்புகிறவர்களுக்கு என் யோசனை இது. உங்கள் ஸ்பீக்கருக்குப் போதுமான ஒற்றைப் பெட்டி ஒன்றை வாங்குங்கள். மிச்சப்படும் பணத்தில் பெரும்பகுதியை ஸ்பீக்கரில் போடுங்கள். காது அறிகிற வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. நம் வீடுகளில் வழவழத்த தரையும் வெறுஞ்சுவரும் ஒலியைப் பந்தாடுகின்றன. கனத்த ஜமுக்காளம் ஒன்று, திரை ஒன்று, சுவரோரம் ஒரு புத்தக அலமாரி: இவை செய்கிற உபகாரத்தை இன்னொரு ஆம்ப்ளிஃபயர் செய்யாது. அதற்கும் மேல் பணம் மிஞ்சினால் இசைத்தட்டு வாங்குங்கள். கச்சேரிக்கு டிக்கெட் வாங்குங்கள்.

கடைக்காரர் இரண்டு பெட்டிகளைக் காட்டினால், இரண்டு செட்டிலும் சத்தத்தைச் சமமாக வைத்து, எது பாடுகிறது என்று சொல்லாமல் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அவர் சம்மதித்தால் உட்கார்ந்து கேளுங்கள். சம்மதிக்காவிட்டால், பர்ஸை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்து பழைய பெட்டியையே முடுக்குங்கள்.