தெப்பக்காட்டுப் பிள்ளைகளுக்கு வழி சொல்வது யார்?

2023 மார்ச் மாதம் ஆஸ்கர் விருது அறிவிக்கப்பட்டபோது, முதுமலையின் தெப்பக்காடு யானைகள் முகாம் ஒரே நாளில் உலகெங்கும் பேசப்பட்டது. பொம்மன், பெள்ளி தம்பதியரை நாம் அனைவரும் தொலைக்காட்சியில் பார்த்து மகிழ்ந்தோம். அதே ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அவர்களே நேரில் வந்து அவர்களைச் சந்தித்தார். ஒடிசாவின் சந்தால் பழங்குடியில் பிறந்த அவர், தம் கிராமத்திலிருந்து கல்லூரிக்குச் சென்ற முதல் பெண். அன்று முகாமில் நின்ற பழங்குடிப் பிள்ளைகளுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்லியிருப்பார்களா?

தமிழகத்தில் அழிவின் விளிம்பிலுள்ள பழங்குடிகள் என அரசு வகைப்படுத்தியுள்ள தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்னும் ஆறு இனத்தவரும் நம் நீலகிரியில் வாழ்கின்றனர். இவர்களின் பிள்ளைகள் பலருக்கு வீட்டில் ஒரு மொழி, பாடநூலில் வேறொரு மொழி. யானை நடமாடும் சாலையில் மாலை தனிப்பயிற்சிக்குப் போய்வருவது நடக்காத காரியம். மேல்வகுப்பு என்றால் பெரும்பாலும் விடுதிதான். இத்தனையும் தாண்டிப் பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய பிள்ளையை, வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையில் நாம் தவறவிடுகிறோம்.

உதவிகள் இல்லாமல் இல்லை. 2022-ல் 'நான் முதல்வன்', 'புதுமைப் பெண்' திட்டங்கள் தொடங்கப்பட்டன. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-லும், பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 2021-லும் வந்தது. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் படித்தவர்களும் இதில் அடங்குவர். ஆனால் இவற்றின் வாசலில் சாதிச் சான்றிதழ் நிற்கிறது. மற்றவர்களைப் போல் வட்டாட்சியரிடம் அல்ல, வருவாய்க் கோட்டாட்சியரிடம்தான் பழங்குடியினர் அதைப் பெற வேண்டும். விசாரணை, அறிக்கை என நாள்கள் நகரும். கல்லூரி விண்ணப்பத்தின் கடைசி நாளோ யாருக்காகவும் காத்திருக்காது. தேர்வு முடிவு வந்த பிறகு சான்றிதழுக்கு அலையத் தொடங்கும் பிள்ளைக்கு அந்த ஆண்டு போய்விடுகிறது. போன ஆண்டு திரும்பி வருவது அரிது; அதற்குள் கூலி வேலை பழகிவிடும்.

பாகன் தொழில் தாழ்ந்தது என்று நாம் சொல்லவில்லை. யானையை அறிந்த அந்த அறிவு எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடைக்காது. பாகன் மகன் பாகனாகட்டும், வேண்டுமென்றால் கால்நடை மருத்துவராகட்டும். தேர்ந்துகொள்வது அவனாக இருக்க வேண்டும். வேறு வழி தெரியாததால் மட்டும் அவன் அதில் நிற்பானானால், அதற்குப் பெயர் தேர்வு அல்ல.

தாலந்து உவமையைக் கேட்கும்போதெல்லாம் புதைத்தவனை மட்டுமே நாம் குறைசொல்லிப் பழகிவிட்டோம். வட்டிக் கடை எங்கே இருக்கிறது என்றே அறியாதவனைப் பற்றி நாம் யோசிப்பதில்லை. கல்வி எல்லா மனிதருக்கும் உரிய உரிமை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-லேயே அறிவித்தது. கத்தோலிக்கப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் பெயர்பெற்ற இம்மலையில், நம் பங்குகளில் கோடை விடுமுறைக்கு வழிகாட்டல் முகாம்கள் நடத்துகிறோம். அவற்றுக்கு வருவோர் பெரும்பாலும் எப்படியும் கல்லூரிக்குப் போகப்போகும் நம் பிள்ளைகள்தாம்.

இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. நம் அன்பியங்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அலுவலக நடைமுறை அறிந்த அரசு ஊழியர்கள் இருக்கிறார்கள். கணினியில் விண்ணப்பம் நிரப்பத் தெரிந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்பிலேயே, மதம் பாராமல், எந்தப் பிள்ளைக்குச் சான்றிதழ் இல்லை என்று பள்ளியில் கேட்டறிந்து, ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, அந்தப் பிள்ளையோடும் பெற்றோரோடும் பேருந்தேறிக் கோட்டாட்சியர் அலுவலகம் வரை போய் வர ஒருவர் வேண்டும். வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பங்குப் பேரவையில் இதைப் பேசலாம். மே மாதம் வரை தள்ளிப்போட வேண்டாம்.