குழந்தையோட வெளிநாட்டு செஸ் போட்டி: போறதுக்கு ஆகற செலவு தெரியும், போகாம இருக்க எவ்வளவு ஆகும்?



பையனோ பொண்ணோ நேஷனல்ல நல்லா ஆடி, வெளிநாட்டுப் போட்டிக்குப் பேர் கொடுக்கலாம்னு தகவல் வந்தா வீட்ல என்ன நடக்கும்? முதல் நாள் ஸ்வீட். ரெண்டாவது நாள் டிக்கெட் விலை. மூணாவது நாள் பர்சனல் லோன் ஆப். இந்த வரிசையில ஒரு கேள்வி மட்டும் விட்டுப் போயிடுது. கடைசி வாரத்துல அந்த ஊர் பக்கம் ஏதாவது பிரச்சினைன்னா, "நாங்க வரல"ன்னு சொல்ல உங்களால முடியுமா? மனசு இடம் கொடுக்குமான்னு கேட்கல. பர்ஸ் இடம் கொடுக்குமான்னு கேட்கறேன்.

குழந்தையோட பாதுகாப்பு பத்தின முடிவை அப்பா அம்மா எடுக்கறாங்கன்னு நாம நினைச்சுக்கிட்டு இருக்கோம். நான் பார்த்த வரைக்கும் பல வீடுகள்ல அந்த முடிவை எடுக்கறது ரீஃபண்ட் இல்லாத டிக்கெட்தான்.

2023 அக்டோபரை எடுத்துக்கங்க. 8, 10, 12 வயசுக்குட்பட்டவங்களுக்கான உலகப் போட்டி எகிப்துல, ஷார்ம் எல் ஷேக்ல, மாச நடுவுல ஆரம்பிக்கறதா இருந்துச்சு. அது சினாய் தீபகற்பத்தோட தெற்கு முனை. அக்டோபர் 7-ஆம் தேதி இஸ்ரேல்-காசா போர் வெடிச்சது. டிக்கெட் கையில, ரூம் பணம் கட்டியாச்சு, கிளம்ப ஒரு வாரம்தான் இருக்கு. அப்போ என்கிட்ட பேசின ஒரு கிளையண்ட் தம்பதி, ரெண்டு பேருமே ஐடி. மனைவி "வேண்டாங்க"ன்னு சொல்றாங்க. கணவர் மேப்பைத் திறந்து வச்சுக்கிட்டு "காசா எங்கயோ இருக்கு, ஷார்ம் எங்கயோ இருக்கு"ன்னு தூரம் காட்டறார். பத்து நிமிஷம் பேசின பிறகுதான் உண்மையான வாக்கியம் வெளிய வந்துச்சு: "சார், நாலு லட்சம் போயிடும்."

அவங்க போனாங்க. பத்திரமா திரும்பி வந்தாங்க. அதனால அந்த முடிவு சரின்னு ஆயிடாது. அதே மாசம் 27-ஆம் தேதி, அதே சினாய்ல செங்கடல் ஓரமா இருக்கற தாபா ஊர்ல ட்ரோன் வந்து விழுந்து 6 பேருக்குக் காயம். ஷார்ம்லேர்ந்து அது கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர், நம்ம கணக்குல சென்னையிலேர்ந்து சேலம்கூட இல்ல. கணவர் காட்டின தூரம் தப்பு இல்லைங்க. ஆனா கட்டின பணம் இல்லாம இருந்தா, அவர் மேப்பையே திறந்திருக்க மாட்டார்.

காஸ்டிங் படிச்ச எல்லாருக்கும் இது தெரியும்: ஏற்கெனவே செலவழிச்ச, திரும்பி வராத பணத்தை அடுத்த முடிவுல சேர்க்கக் கூடாது. தேர்வுல 5 மார்க் கேள்வி. நிஜ வாழ்க்கையில, பிளஸ் டூ முடிச்சவங்கள்லேர்ந்து சிஏ வரைக்கும் யாராலயும் இதைச் சுலபமா பண்ண முடியறதில்ல. அதனால போர் வந்த பிறகு தைரியமா யோசிங்கன்னு அட்வைஸ் பண்றதுல பிரயோஜனம் இல்ல. புக் பண்ற நாளே திரும்பி வராத பணத்தைக் குறைச்சு வைக்கறதுதான் வழி.

ஒரு கணக்கு போடலாம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான், உங்க போட்டிக்கு மாத்திக்கங்க. பொதுவா நேஷனல்ல முதல் இடம் வந்த குழந்தைக்கு ரூமும் சாப்பாடும் போட்டி நடத்தறவங்க பொறுப்பு. மத்த குழந்தைகளும், கூட வர்ற அப்பா அம்மாவும் சொந்தச் செலவு. தங்கறதும் பெரும்பாலும் அவங்க சொல்ற ஹோட்டல்ல, அவங்க சொல்ற ரேட்ல. ஒரு குழந்தை, ஒரு பெற்றோர்னு வைங்க. டிக்கெட் தலைக்கு 65,000, ரெண்டு பேருக்கு 1,30,000. ரூம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 90 யூரோ, 12 நாள், ரெண்டு பேர்: 2,160 யூரோ. யூரோ 100 ரூபாய்னு வச்சா 2,16,000. பதிவுக் கட்டணம் 20,000. கோச்சுக்கு உங்க பங்கு 40,000. விசா, இன்ஷூரன்ஸ் 14,000. மொத்தம் 4,20,000.

எல்லாத்தையும் மலிவான வழியில முன்கூட்டியே கட்டிட்டு, ஒரு வாரம் முன்னாடி கேன்சல் பண்ணா? டிக்கெட்ல வரி மட்டும் ஒரு 20,000 திரும்பும். 4 லட்சம் போச்சு.

இப்போ வேற மாதிரி. கேன்சல் பண்ணக்கூடிய டிக்கெட், தலைக்கு 12,000 கூட. கேன்சல் பண்ணா ஆளுக்கு 10,000 பிடிப்பாங்கன்னு வைங்க. ரூமுக்குப் பாதி பணம் இப்போ, மீதியை அவங்க கொடுத்த கடைசி தேதியில. கோச்சுக்கு அட்வான்ஸ் 10,000 மட்டும். அதே கடைசி வாரத்துல பின்வாங்கினா நஷ்டம் 1,72,000. டிக்கெட்ல 24,000 கூடக் கொடுத்து, கட்ட வேண்டியதைக் கொஞ்சம் தள்ளிக் கட்டினதுல 2,28,000 உங்க கையிலயே நிக்குது. போட்டி நல்லபடியா நடந்தா அந்த 24,000 வேஸ்ட்டான்னு கேட்பீங்க. டெர்ம் இன்ஷூரன்ஸ் எடுத்துட்டு நாம சாகலையேன்னு வருத்தப்படறோமா என்ன?

அந்த 1,72,000-மும் சின்னத் தொகை இல்ல. இதை முழுசா விட்டாலும் அடுத்த மாச வாடகையும் இஎம்ஐ-யும் ஓடுமான்னு பாருங்க. ஓடாதுன்னா இந்த வருஷம் இந்தப் போட்டி வேண்டாம், அவ்வளவுதான். பர்சனல் லோன் எடுத்துப் போறதை நான் ஒத்துக்கவே மாட்டேன். வட்டி ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், கடன் வாங்கிக் கட்டின பயணத்தை எந்த அப்பாவாலயும் கேன்சல் பண்ண முடியாது.

"இன்ஷூரன்ஸ்தான் இருக்கே சார்"னு சொல்றவங்களுக்கு: பாலிசி வாசகத்தோட பிடிஎஃப்ல விலக்குகள் பகுதியைத் திறந்து 'போர்'னு தேடுங்க. நம்ம ஊர் டிராவல் பாலிசிகள்ல போரும் போர் மாதிரியான நடவடிக்கைகளும் பொதுவா விலக்குதான். டிரிப் கேன்சலேஷன் கவர் இருக்கும், ஆனா அது உடம்பு சரியில்ல, குடும்பத்துல இறப்பு மாதிரி எழுதி வச்ச காரணங்களுக்கு. "பயமா இருக்கு"ங்கறது அந்த லிஸ்ட்ல இல்ல. செய்தியில வந்த பிறகு பாலிசி எடுத்தாலும், தெரிஞ்ச ஆபத்துன்னு கிளெய்மை மறுப்பாங்க. அப்புறம் எதுக்கு எடுக்கணும்? காய்ச்சல், கை முறிவு, ஆஸ்பத்திரி பில். கம்பெனி கொடுக்கற குரூப் ஹெல்த் பாலிசி பொதுவா இந்தியாவுக்குள்ள மட்டும்தான். எட்டு வயசுக் குழந்தைக்கு வெளிநாட்டுல வயித்து வலி வந்தா அதைக் காட்ட முடியாது.

போட்டி நடக்கற நாட்டை மட்டும் பார்த்தாலும் பத்தாது, வழியையும் பாருங்க. ஜார்ஜியாவோட பாட்டுமியில சின்னப் பசங்க போட்டி பல தடவை நடந்திருக்கு. நம்ம பசங்க பெரும்பாலும் வளைகுடா வழியாவோ இஸ்தான்புல் வழியாவோதான் அங்க போகணும். 2025 ஜூன் 23 அன்னிக்கு கத்தார் தன் வான்வெளியைச் சில மணி நேரம் மூடினப்போ, தோஹா வழியா போறவங்க எத்தனையோ பேர் நடுவழியில நின்னாங்க. அவங்க போக வேண்டிய ஊர்ல ஒரு பிரச்சினையும் இல்ல. இந்த மாதிரி நேரத்துல முழுப் பயணமும் ஒரே பிஎன்ஆர்-ல இருந்தா, அடுத்த விமானத்துல ஏத்தி விடறது ஏர்லைன் பொறுப்பு. 4,000 மிச்சம்னு ரெண்டு தனி டிக்கெட்டா போட்டிருந்தா, ரெண்டாவது விமானத்தைத் தவறவிட்டதுக்கு யாரும் பொறுப்பு இல்ல. குழந்தையோட ராத்திரி ஏர்போர்ட்ல உட்கார்ந்து புது டிக்கெட் தேடணும். இன்னொண்ணு, பிரச்சினை வந்த உடனே பதறிப்போய் நீங்களா கேன்சல் பட்டனை அமுக்காதீங்க. ஏர்லைனே ரத்து பண்ணா முழு ரீஃபண்ட் கேட்கலாம். இலவசமா தேதி மாத்தித் தர்றதாவும் பல ஏர்லைன் அறிவிக்கும்.

போய் இறங்கின பிறகு பணம் தீர்க்காத ஒரு விஷயம் இருக்கு. ஆட்டம் தொடங்கினதும் பெற்றோரை ஹாலை விட்டு வெளிய அனுப்பிடுவாங்க. ஒரு கேம் நாலு மணி நேரம்கூட இழுக்கும், பக்கத்து போர்டு குழந்தை இருபது நிமிஷத்துல முடிச்சிடும். ஃபிடே விதிப்படி ஆடறவங்க போன், ஸ்மார்ட் வாட்ச் எதையும் உள்ள வச்சிருக்கக் கூடாது, பிடிபட்டா கேம் தோல்வி. பாதுகாப்புக்குன்னு ஜிபிஎஸ் வாட்ச் வாங்கிக் கட்டி விட்டீங்கன்னா அதுவே குழந்தையைத் தோக்கடிக்கும். ஹோட்டல் பேர், உங்க நம்பர், இந்தியத் தூதரக நம்பர் எழுதின ஒரு சீட்டு பாக்கெட்ல. "ஆட்டம் முடிஞ்சா இந்தத் தூண் கிட்ட நில்லு, நான் வர்ற வரைக்கும் நகராதே"ன்னு முதல் நாளே இடத்தைக் காட்டுங்க. இது ஓசி.

"இந்த வாய்ப்பு போயிட்டா?" நியாயமான பயம். ஆனா வயசுப் பிரிவுகள் 2 வருஷத்துக்கு ஒண்ணு, அதனால பொதுவா ஒரே பிரிவுல ரெண்டு வருஷம் ஆட வாய்ப்பு இருக்கு. போட்டியே இடம் மாறறதும் உண்டு. 2022-ல மாஸ்கோவுல நடக்க வேண்டிய ஒலிம்பியாட் நம்ம மாமல்லபுரத்துக்கு வந்ததை நாம கொண்டாடினோம். மாஸ்கோவுக்கு முன்கூட்டியே டிக்கெட் போட்ட ஒரு குடும்பம் இருந்திருந்தா, அவங்க பக்கத்துலேர்ந்தும் அதைப் பாருங்க.

பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒரு வேலை. கணவன் மனைவி ரெண்டு பேரும் உட்கார்ந்து, எது நடந்தா போக மாட்டோம்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. நம்ம வெளியுறவு அமைச்சகம் அந்த நாட்டுக்குப் பயணம் வேண்டாம்னு அறிவிச்சா, வழியில இருக்கற நாட்டோட வான்வெளி மூடினா, போட்டி ஊர்லேர்ந்து இத்தனை கிலோமீட்டருக்குள்ள தாக்குதல் நடந்தா, இப்படி. ரெண்டு பேர்ல ஒருத்தர் வேண்டாம்னா வேண்டாம், அதையும் எழுதுங்க. மாமா, சித்தப்பா, கோச் யாருக்கும் இதுல ஓட்டு கிடையாது.

சம்பளக்காரங்களுக்கு வேகமா மூணு விஷயம். எல்டிஏ-வுல இதைக் கிளெய்ம் பண்ண முடியாது, அந்த விலக்கு இந்தியாவுக்குள்ள போற பயணத்துக்கு மட்டும்தான், அதுவும் பழைய வரி முறையில. ஏஜென்ட் கிட்ட டிக்கெட், ரூம் சேர்த்து பேக்கேஜா வாங்கினா டிசிஎஸ் பிடிப்பாங்க. அது உங்க பணம்தான், 26ஏஎஸ்-ல வந்திருக்கான்னு பார்த்து ரிட்டர்ன்ல எடுத்துக்கலாம். 2024 அக்டோபர்லேர்ந்து ஆபீஸ்ல சொல்லி சம்பள டிடிஎஸ்-லயே அதைக் கழிச்சுக்கவும் வழி இருக்கு. மூணாவது பாஸ்போர்ட்: சின்னக் குழந்தைகளுக்கு 5 வருஷம்தான் செல்லும். பல நாடுகள் 6 மாசம் பாக்கி இருக்கணும்னு கேட்கும், ஒரே ஒரு பெற்றோர் கூடப் போனா இன்னொருத்தரோட சம்மதக் கடிதமும் சில நாட்டு விசாவுக்குத் தேவை.

மேல போட்ட கணக்கோட எக்செல் ஷீட் வீடியோவுக்குக் கீழே இருக்கு. 'திரும்பி வருமா?'ங்கற காலத்தை முதல்ல நிரப்புங்க, மொத்தத்தை அப்புறம் பாருங்க.