மூக்கை நம்பிக் கோழி வாங்காதீர்கள்

பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ மீன் வாங்க வருபவரை ஏமாற்றுவது கடினம். செவுளைத் தூக்கிப் பார்ப்பார், விரலால் அழுத்திப் பார்ப்பார், ‘இது நேத்து மீனு’ என்று தள்ளிவிடுவார். அதே ஆள் பண்டிகைக்குக் கோழி வாங்கும்போதும் கண்ணையும் மூக்கையும்தான் நம்புகிறார். என் கவலையே அதுதான். சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர் போன்ற கிருமிகள் நன்றாக மேய்ந்து திரியும் கோழியின் குடலிலும் இருக்கும். அறுத்துச் சுத்தம் செய்யும்போது கறியில் ஒட்டிக்கொள்ளும். கண்ணெதிரே அறுத்த கோழியிலும் இருக்கலாம், வாடை வராது.

இந்தக் கரையில் பண்டிகை என்றால் கோழிக்குத் தனி இடம். தீபாவளி காலையில் இட்லிக்குக் கோழிக்குழம்பு, கீழக்கரையில் பெருநாளுக்கு பிரியாணி. 2025-இல் ஈஸ்டர் ஏப்ரல் 20-இல் வந்தது. 15-ஆம் தேதியே 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி விசைப்படகுகள் கரையில் நின்றுவிட்டன. தவக்காலம் முடித்த வீடுகள் கோழிக்கடைக்குத்தான் போகவேண்டியிருந்தது.

மஞ்சள் போட்டு மூன்று தண்ணீர் அலசினால் கறி சுத்தமாகிவிடும் என்பது நம் வீடுகளில் அசைக்க முடியாத நம்பிக்கை. அலசினால் கிருமி சாகாது. குழாயடியில் பிடித்தால் சுற்றிலும் தெறிக்கும். பிரிட்டனின் உணவுத் தர முகமை 2014-இல் கோழியைக் கழுவவே வேண்டாம் என்று பிரசாரம் செய்தது. இறகும் ரத்தமுமாகக் கறி வரும் நம்மூரில் அதைச் சொன்னால் யார் கேட்பார்கள்? அகலச் சட்டியில் தண்ணீரை ஊற்றிக் கறியை மெல்ல இறக்கி ஒருமுறை அலசுங்கள், குடிதண்ணீர்க் குடம் பக்கத்தில் இல்லாமல். குடத்தை விலைக்கு வாங்கும் மாவட்டம் இது. மிச்சமாகும் தண்ணீரைச் சோப்புப் போட்டுக் கையையும் அரிவாள்மணையையும் கழுவச் செலவிடுங்கள்.

அரிவாள்மணையைச் சொல்லக் காரணம் உண்டு. விருந்துச் சாப்பாட்டில் நான் சந்தேகப்படும் முதல் பண்டம் கோழியே அல்ல, பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் வெங்காயத் தயிர்ப்பச்சடி. கோழி அடுப்பில் வேகிறது. அதை நறுக்கிய அதே அரிவாள்மணையில், அதே கையோடு நறுக்கிய வெங்காயமோ பச்சையாகவே இலைக்கு வருகிறது. வெங்காயத்தை முதலில் நறுக்கி வைத்துவிட்டுக் கோழியைத் தொட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஃபிரிட்ஜிலும் இதே கதைதான். மேல்தட்டில் பாலிதீன் பையில் கோழி, கீழ்த்தட்டில் தயிர்! மூடிய பாத்திரத்தில் கடைசித் தட்டில் வையுங்கள்.

குழம்பில் கொதிக்கும் கறியைப் பற்றி எனக்குப் பயமில்லை. நாட்டுக்கோழி நெடுநேரம் வேகாமல் பல்லுக்குப் பணியாது, அதுவே காப்பு. பிராய்லரின் முழுத்தொடையை ஐஸ் விடாமலேயே எண்ணெயில் போட்டுப் பொரிப்பதுதான் ஆபத்து. மேலே கருகி, உள்ளே பச்சையாக நிற்கும். தடித்த பகுதியின் நடுவில் சூடு 74 டிகிரி செல்சியஸைத் தொடவேண்டும். எலும்போரச் சிவப்பைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். இளங்கோழியின் மஜ்ஜை நிறம், நன்றாக வெந்த பிறகும் அங்கே தங்கும்.

2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்ததும் அதிகாரிகள் கடைகடையாகச் சோதித்தார்கள். வேண்டியதுதான். தீபாவளிக்கு முன் இனிப்புக் கடைகளுக்கும் போகிறார்கள். வீட்டு அடுப்படிக்கு யாரும் போகமுடியாது, போகவும் கூடாது. ஆனால் கறிக்கடை வாசலில் நாலு வரி எழுதி வைக்கச் சொல்லலாமே. உணவுப் பாதுகாப்புத் துறைக்கு இதில் பெரிய செலவில்லை.

அந்த நாலு வரியில் ஒன்று மிச்சக் கறிக்குப் போகட்டும். மத்தியானம் இறக்கிய தேக்சாவை ராத்திரிவரை அடுப்பிலேயே விட்டு, ‘சுட வைச்சாச் சரியாயிடும்’ என்பது வழக்கம். சரியாகாது. சில கிருமிகளின் வித்துக்கள் கொதியிலும் பிழைத்து, சோறும் கறியும் மெல்ல ஆறும்போது பெருகும். சில கிருமிகள் கக்கிவைத்த நஞ்சு மறுகொதிக்கும் அழியாது. நம் வெயிலுக்கு 1 மணி நேரம், மழைநாளில் 2 மணி நேரம். அதற்குள் சின்னச் சின்னப் பாத்திரங்களில் மாற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிடவேண்டும். கரண்ட் நெடுநேரம் போன இரவில் அதுவும் உதவாது, கொட்டிவிடுங்கள்.

(கட்டுரையாளர் கால்நடை மருத்துவர்)