கொல்லைப்புறத்து அடுப்பையும் கணக்கில் எடுங்கள்

சிவகங்கை மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,



மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்துக்கு முதன்மை அலுவலர் தாங்கள்தான். அதனால் இந்த மடலை டெல்லிக்கு எழுதாமல் தங்களுக்கே எழுதுகிறேன்.

2027 கணக்கெடுப்பின் முதல் கட்டமான வீட்டுப் பட்டியலுக்கு 33 கேள்விகள் அறிவிக்கப்பட்டன. அவற்றில் சமையலைத் தொடுபவை இரண்டு. சமையலறையும் எரிவாயு இணைப்பும் இருக்கிறதா என்பது ஒன்று, சமைக்க முக்கியமாக எந்த எரிபொருள் என்பது மற்றொன்று. 2011இலும் விறகு, பயிர்த்தாள், எருவாட்டி, கரி, மண்ணெண்ணெய், எரிவாயு, மின்சாரம், சாண எரிவாயு என்ற வரிசையில் வீட்டுக்கு ஒன்றைத்தான் குறித்தார்கள். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பும் ஏறத்தாழ இதே மாதிரிதான் கேட்கிறது. இந்த ஒற்றைப் பதிலுக்குள் நம் பக்கத்து அடுப்படி அடங்காது.

காரைக்குடியைச் சுற்றி எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். உள்ளே மேடையில் கேஸ் அடுப்பு இருக்கும். காலைக் காப்பி, குழம்பு, தாளிப்பு எல்லாம் அதில் ஆகும். கொல்லைப்புறத்தில், ஓட்டுச் சாய்ப்புக்கடியில், விறகடுப்பும் இருக்கும். குளிக்க வெந்நீர், மாட்டுக்குக் கஞ்சி, நெல் அவிப்பு, பத்துப் பேர் வந்துவிட்டால் சோறு, எல்லாம் அங்கேதான். சிலிண்டர் தீர்ந்து, அடுத்ததற்குப் பணம் புரட்டும்வரை மூன்று வேளைச் சமையலும் அங்கேயே நடக்கும். கணக்கெடுக்க வருபவர் கேட்டால் வீட்டார் "கேஸ்" என்பார்கள். அது பொய் இல்லை. ஆனால் அந்தப் பதிலோடு கொல்லைப்புறத்துப் புகை காகிதத்திலிருந்து மறைந்துவிடுகிறது.

பலகாரம் போட்டு விற்கும் வீடுகளை நினைத்துப் பாருங்கள். தேன்குழல், சீப்புச்சீடை, மனகோலம், அதிரசம் என்று வெளிநாடு வரைக்கும் பொட்டலம் போகிறது. கல்யாண மாதங்களில் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் மணிக்கணக்காக உட்காரும் பெண்ணின் அடுப்பு பல வீடுகளில் விறகடுப்புதான். அது வீட்டுச் சமையலும் இல்லை, தொழிற்சாலையும் இல்லை. அதனால் மேலே சொன்ன படிவங்களில் அதற்கு இடமில்லை. இந்த மாவட்டத்தில் அதிகப் புகையைச் சுவாசிப்பவர்கள் இவர்கள்தானோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. அளந்து பார்த்தால்தான் தெரியும்.

செட்டிநாட்டு வீட்டின் அமைப்பும் ஒரு சிக்கல். முகப்பு ஒரு தெருவில் இருக்கும். வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு எல்லாம் தாண்டினால் பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். பின்கட்டில் காவல் இருக்கும் குடும்பம் தனி உலை வைக்கும். ஓர் அடுப்படியில் சேர்ந்து உண்பவர்களைத்தான் ஒரு குடும்பம் என்கிறது கணக்கெடுப்பு. அந்த விதிப்படி இது தனிக் குடும்பம். முன்கதவில் பூட்டைப் பார்த்துத் திரும்பினாலோ, முன்கட்டோடு நின்றாலோ, விறகில் சமைக்கும் அந்தக் குடும்பம் விடுபட்டுப் போகும்.

எரிவாயு பரவியதை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2007இல் மாநில அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுக்கத் தொடங்கியது. 2016இல் மத்திய அரசின் உஜ்வலா எரிவாயு இணைப்புத் திட்டம் வந்தது. குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் தூய எரிபொருளில் சமைக்கும் வீடுகள் 2015-16இல் 73 விழுக்காடு, 2019-21இல் 82.9 விழுக்காடு. எத்தனையோ பெண்களின் கண்ணெரிச்சல் தீர்ந்த கதை இது. ஆனால் உஜ்வலா இணைப்பு பெற்ற வீடுகள் நாடு முழுவதும் ஆண்டுக்கு எடுத்த சிலிண்டர் சராசரியாக 2019-20இல் சுமார் 3. 2024-25இலும் நாலரையைத்தான் எட்டியது. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று ஒன்றரை மாதம் வரும் என்று வைத்தாலும் வருடத்துக்கு எட்டு சிலிண்டராவது வேண்டும். மீதி மாதங்களில் அந்த வீடுகளில் எது எரிந்தது?

வீட்டுக்குள் சூழும் புகையால் 2020இல் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. விறகை விட்டால் புகை எவ்வளவு குறையும் என்பதற்குத் தமிழகத்திலேயே சான்று இருக்கிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் பல ஆண்டுகளாக நம் கிராமத்து வீடுகளில் புகையை அளந்துவருபவர். அவருடைய குழு பங்கெடுத்த பன்னாட்டு ஆய்வு ஒன்று விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளிலும் நடந்தது. கர்ப்பிணிகளுக்கு அடுப்பும் தொடர்ந்து எரிவாயுவும் இலவசமாகக் கொடுத்தார்கள். அவர்கள் விறகை ஏறத்தாழ முழுவதுமாக விட்டார்கள். அந்த ஆய்வு நடந்த நான்கு நாடுகளையும் சேர்த்துப் பார்த்தால், எரிவாயு பெற்றவர்கள் சுவாசித்த நுண்துகள், பழைய அடுப்பிலேயே சமைத்தவர்களுடையதில் மூன்றில் ஒரு பங்குதான். இணைப்பு மட்டும் கொடுத்திருந்தால் இது நடந்திருக்காது. அடுத்த சிலிண்டரும் அதற்கடுத்த சிலிண்டரும் வந்ததால் நடந்தது. அதனால்தான் எது முக்கிய எரிபொருள் என்ற கேள்வி போதாது என்கிறேன்.

கணக்கெடுப்பின் கேள்விகளை மாற்றும் அதிகாரம் தங்களுக்கு இல்லை என்று அறிவேன். கேட்கும் விதத்தைச் சீராக்கும் பொறுப்பு தங்களிடம் இருக்கிறது. பயிற்சியின்போது, கணக்கெடுக்கப் போகும் ஆசிரியர்களிடம் சொல்லுங்கள்: கதவு திறந்தவரிடம் கேட்காமல் சமைப்பவரிடம் கேட்கட்டும், பின்கட்டு வரை போகட்டும். இந்தமுறை குடும்பத்தாரே இணையத்தில் பதியலாம் என்கிறார்கள். கைப்பேசியை வைத்திருக்கும் மகனுக்கு அம்மா எதில் வெந்நீர் போடுகிறாள் என்று தெரியுமா? விறகு என்று சொன்னால் சலுகை ஏதும் போய்விடுமோ என்ற அச்சமும் ஊரில் இருக்கிறது. சொல்வதை இரகசியமாகக் காக்க 1948ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது என்பதைத் தண்டோரா போட்டாவது சொல்லவேண்டும்.

அடுத்து, மாவட்ட அளவில் ஒரு மாதிரிக் கணக்கெடுப்பு வேண்டும். அதற்குப் புதிதாகப் படிவம் எழுதவேண்டாம். உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் சேர்ந்து வகுத்த வீட்டு எரிசக்திக் கேள்விகள் கைவசம் இருக்கின்றன. வீட்டில் உள்ள ஒவ்வோர் அடுப்பையும் அவை கேட்கின்றன. எதை எரிக்கிறீர்கள், எங்கே வைத்திருக்கிறீர்கள், புகைபோக்கி உண்டா, விறகு பொறுக்குவது யார், எவ்வளவு நேரம் ஆகிறது என்று போகும் கேள்விகள். அவற்றோடு நம் பக்கத்துக்கென்று நெல் அவிப்பு, பலகாரத் தொழில், கடந்த ஓராண்டில் வாங்கிய சிலிண்டர் ஆகியவற்றைச் சேர்த்தால் போதும். புள்ளியியல் துறை மாதிரி வீடுகளைத் தேர்ந்து கொடுக்கட்டும். மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் போய்க் கேட்கட்டும். பெண்ணிடம் பெண் கேட்டால் அடுப்படிவரை கூட்டிப்போவார்கள். கோடையில் ஒருமுறை, ஐப்பசி மழையில் ஒருமுறை கேட்கவேண்டும், ஏனென்றால் விறகு நனைந்த மாதத்தின் பதில் வேறாக இருக்கும். சில வீடுகளில் அடுப்பருகே வெப்பத்தைப் பதியும் சிறு கருவியை வைத்தால், சொன்னதும் எரிந்ததும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். 1953 முதல் காரைக்குடியில் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தாரிடம் யோசனை கேட்கலாம்.

இன்னொன்று. சீமைக்கருவேலத்தை அகற்றும் பணி நடக்கிறது. அகற்றத்தான் வேண்டும். ஆனால் இந்த வறண்ட பூமியில் ஏழை வீட்டு அடுப்பில் எரிவது பெரும்பாலும் அந்த முள்விறகுதான். அதை நம்பி உலை வைக்கும் வீடுகள் எத்தனை என்று தெரியாமல் வெட்டினால், அவர்களுக்குச் சிலிண்டர் மானியத்தை எந்த ஊராட்சியில் கூட்டுவது என்பதும் தெரியாது.

மாதிரிக் கணக்கெடுப்பில் கிடைக்கும் முடிவை ஊராட்சி வாரியாக, காரைக்குடி மாநகராட்சியில் வார்டு வாரியாக, தமிழில் வெளியிட்டுக் கிராமசபையில் வாசிக்கச் செய்யுங்கள். எந்தத் தெருவில் விடுபட்டிருக்கிறது என்று அந்தந்த ஊர்ப் பெண்களே எழுந்து சொல்வார்கள். அதன் முதல் சுற்றை வரும் பங்குனிக்குள் தொடங்க ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காரைக்குடியிலிருந்து ஒரு குடிமகன்