லிங்கனை வெளியேற்றிய இசை மேடை

1953 ஜனவரியில் ஐசன்ஹோவர் அமெரிக்க ஜனாதிபதியாகப் பொறுப்பேற்பதையொட்டி, வாஷிங்டனில் மாபெரும் இசைக்கச்சேரி ஏற்பாடாகியிருந்தது. நிகழ்ச்சி நிரலில் ஆரன் கோப்லாண்டின் ‘லிங்கன் சித்திரம்’ இடம்பெற்றிருந்தது. பாசிசத்திற்கு எதிரான போரின் நடுவே, 1942இல் உருவான படைப்பு அது. இசைக்குழு முழங்க, லிங்கனின் சொற்களை ஒருவர் வாசிப்பார். ஒருவர் உழைத்து ஈட்டிய உணவை மற்றொருவர் பறித்து உண்பதே கொடுங்கோன்மை என லிங்கன் சாடிய பகுதியும் அதில் உண்டு.

அந்தப் படைப்பு நிகழ்ச்சியிலிருந்து நீக்கப்பட்டது. கோப்லாண்ட் கம்யூனிஸ்ட் தொடர்புடையவர் என்று நாடாளுமன்ற உறுப்பினர் ஃபிரெட் பஸ்பி கிளப்பிய எதிர்ப்பே காரணம். பஸ்பி யார்? லிங்கனின் அதே குடியரசுக் கட்சிக்காரர்; லிங்கனின் அதே இல்லினாய்ஸ் மாநிலத்தவர்! லிங்கனின் பெயரால் வாக்குக் கேட்டவர்களுக்கு லிங்கனின் குரல் ஆகவில்லை. அவ்வாண்டு மே மாதமே கோப்லாண்ட் மெக்கார்த்தியின் விசாரணைக் குழுமுன் நிறுத்தப்பட்டார். 1934இல் மே தினப் பாடலுக்கு இசையமைத்து, இடதுசாரி இதழ் நடத்திய போட்டியில் பரிசு பெற்றவர் அவர்.

பால் ராப்சனுக்கு நேர்ந்தது இதனினும் கொடியது. 1939இல் ‘அமெரிக்கர்களுக்கான கதைப்பாடல்’ வழியே வானொலியில் தேசத்தையே சிலிர்க்க வைத்த அந்தக் கறுப்பினக் கலைஞரின் கடவுச்சீட்டை 1950இல் அரசு பறித்தது. எட்டாண்டுக் காலம் அது அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

கலையில் அரசியலைக் கலக்காதீர் என்று நமக்கு உபதேசிப்போர் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்? சாமானியனைப் போற்றும் இசையில் ஆபத்தை மோப்பம் பிடித்தது ஆளும் வர்க்கமே. அதே கோப்லாண்டுக்கு 1964இல் ஜனாதிபதியின் சுதந்திரப் பதக்கம் அணிவிக்கப்பட்டது. விசாரணைக் கூண்டில் நிறுத்திய அரசே பின்னர் மாலையும் சூட்டிற்று. அந்தப் பதக்கத்தால் 1953இன் இழிவு துடைக்கப்பட்டுவிடாது.

இது அமெரிக்காவோடு முடிந்த கதையன்று. 2022 ஜனவரியில், டெல்லியில் நடைபெறும் குடியரசு தினப் பாசறை திரும்பும் நிகழ்ச்சியில், காந்தி விரும்பிய ‘அபைட் வித் மி’ கீதத்தை மோடி அரசு நீக்கியது. காலனிய எச்சம் களையப்படுகிறது என்பது ஆதரவாளர்கள் சொன்ன நியாயம். களையப்பட்டதோ காந்தியின் நினைவு. எல்லாச் சமயமும் நம்முடையதே என்ற உணர்வு.

அமெரிக்க இசை முழுவதையும் ஏகாதிபத்தியத்தின் குரலென ஒதுக்குவதும் பிழையே. ஒவ்வொரு தேசியப் பண்பாட்டிலும் இரு பண்பாடுகள் உண்டு என்றார் லெனின். லிங்கன் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, 1864இல், அகிலத்தின் சார்பில் வாழ்த்துமடல் வரைந்தவர் மார்க்ஸ். போர்க்கப்பல்களை அனுப்பும் அமெரிக்கா வேறு; கோப்லாண்டும் ராப்சனும் பாடிய அமெரிக்கா வேறு. முன்னதை எதிர்த்துப் போராடுவோம். பின்னது உலக உழைப்பாளரின் சொத்து. அதை உரிமையோடு ஏற்போம். நம் மண்ணின் மேடைகளிலிருந்து விரட்டப்படும் குரல்களைக் காப்பதும் அந்தப் போராட்டத்தின் பகுதியே.