உலை கொதித்ததா?

நாக்கை நீட்டச் சொல்கிறார்கள், நீட்டுகிறாள். கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், காட்டுகிறாள். விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்க்கிறார்கள், பொறுத்துக் கொள்கிறாள். தலை சுற்றுகிறதா, தூக்கம் வருகிறதா, இருமல் எத்தனை நாளாக - அத்தனையும் கேட்கிறார்கள். சீட்டு நிரம்பி விடுகிறது. மாத்திரையை எண்ணிக் கொடுத்து, "சாப்பாட்டுக்கு முன் ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் ஒன்று" என்று சொல்லி அனுப்புகிறார்கள்.

சாப்பாட்டுக்கு முன்! சாப்பாட்டுக்குப் பின்! சாப்பாடு உண்டா என்று கேட்டவர் யார், தோழர்களே?

மருத்துவரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. காலையில் வந்து நாற்காலியில் அமர்ந்தால் மதியம் வரை நிமிர நேரமில்லாத மனிதர் அவர். எதிரே வரிசை, வரிசைக்குப் பின்னே இன்னொரு வரிசை. சீட்டிலே எதற்குக் கட்டம் போட்டிருக்கிறதோ அதைத்தான் அவர் கேட்பார். பசிக்குக் கட்டம் இல்லை. கட்டமில்லாத கேள்வியை எந்த அலுவலகத்திலும் எவரும் கேட்பதில்லை. கோளாறு அங்கே இருக்கிறது.

"பசியா? தமிழ்நாட்டிலா? ரேஷன் கடையில் 2011 ஜூனிலிருந்து விலையில்லாமல் அரிசி போடுகிறார்களே, இன்னுமா பசி?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. வயிறு நிறைந்தவர்கள். அவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அரிசி வந்தது. அது சாதாரண வெற்றியல்ல. எத்தனையோ மாநிலம் ஏங்கிப் பார்த்த வெற்றி. மறுக்கவில்லை. ஆனால் வெறும் அரிசியை எந்தத் தாய் பிள்ளைக்கு ஊட்டுவாள்? 2007-இல் தொடங்கிய சிறப்பு வினியோகத்தில் கிலோ 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பு. அட்டைக்கு மாதம் ஒரு கிலோ. ஐந்து பேர் உள்ள வீடு, முப்பது நாள். கணக்குப் போடுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏழு கிராம்கூட வராது! இது அட்டை உள்ளவர் கதை. அட்டை இல்லாதவன் உண்டு. புதிதாகக் கல்யாணமாகிப் பெயர் பெற்றோர் அட்டையிலேயே கிடப்பவள் உண்டு. வேறு ஊர் அட்டையோடு இங்கே பிழைக்க வந்தவன் உண்டு. ரேகை தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்காமல் இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்று அலைகிற கிழவி உண்டு.

இத்தனைக்கும் மேலே, கந்தக பூமிக்கென்று ஒரு தனிப் பசி இருக்கிறது. குட்டி ஜப்பான் என்று பட்டம் சூட்டினார்களே, அந்தச் சிவகாசியின் பசி! ஊருக்கெல்லாம் தீபாவளி வந்தால் வெடி வெடிக்கும். சிவகாசிக்குத் தீபாவளி வந்தால் ஆலைக் கதவு அடைபடும். போனஸ் வந்த கை ஈரம் காய்வதற்குள் வேலை நின்று விடும். பிறகு மழை. வெயில் இருந்தால்தான் மருந்து காயும், காய்ந்தால்தான் வேலை, வேலை இருந்தால்தான் கூலி. எண்ணிச் செய்து எண்ணி வாங்கும் பீஸ் ரேட் கூலி. செய்யாத நாளுக்குச் சல்லிக் காசு கிடையாது. வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலும் சாத்தூர், திருத்தங்கல் தெருக்களிலும் அந்த வாரங்களில் என்ன நடக்கிறது என்பதைப் பலசரக்குக் கடைக்காரரின் கடன் நோட்டு சொல்லும். 2018 அக்டோபர் 23 அன்று உச்சநீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை விதித்த பிறகு ஆலைகள் மாதக் கணக்கில் மூடிக் கிடந்தனவே, அப்போது அந்த நோட்டு எத்தனை பக்கம் நீண்டிருக்கும்!

அடுப்புக்காக வாங்கும் கடன்தான் பிறகு முன்பணமாகிறது. முன்பணம் வாங்கியவன் கூலி உயர்வு கேட்பானா? பாதுகாப்பு போதவில்லை என்று வாய் திறப்பானா? ஆக, இது வயிற்று விவகாரம் மட்டுமல்ல. தொழிலாளியின் முதுகெலும்பு விவகாரம்.

சரி, ஆஸ்பத்திரி இதில் என்ன செய்யும்? பசியைப் போக்குவது மருத்துவர் வேலையா?

இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் ஒரு மருத்துவர் பதில் சொல்லியிருக்கிறார். பெயர் ஜேக் கைகர். 1960-களில் மிசிசிப்பி மாநிலத்தின் மவுண்ட் பேயு என்ற ஊரில், பருத்திக் காட்டுக் கறுப்பின மக்களுக்காக மருத்துவ நிலையம் கண்டவர். வந்த பிள்ளைகள் எலும்பும் தோலுமாக வந்தன. அவரும் அவருடைய மருத்துவர்களும் மருந்துச் சீட்டிலேயே பால், காய்கறி, இறைச்சி என்று எழுதிக் கொடுத்தார்கள். மக்கள் மளிகைக் கடைக்குச் சென்று சீட்டை நீட்டினார்கள்; கடைக்காரர் கணக்கை மருந்துச் செலவில் எழுதினார்கள். தலைநகரத்து அதிகாரி பதறிப் போனார்: மருந்துப் பணத்தில் மளிகையா? நான் படித்த புத்தகத்தில் பட்டினி நோய்க்கு மருந்து உணவு என்றுதான் எழுதியிருந்தது என்றார் கைகர். வந்த அதிகாரி வாயை மூடிக்கொண்டு திரும்பினார். அத்தோடு நிற்கவில்லை, அந்த மக்களே கூட்டுறவுப் பண்ணை அமைத்துக் காய்கறி விளைவிக்கவும் வழி பிறந்தது.

அதே நாட்டில், உலகத்துக்குக் கோதுமை விற்கும் நாட்டில், 2010-இல் ஆராய்ச்சியாளர்கள் சிலர் பதினெட்டுக் கேள்வி கொண்ட அரசாங்கப் படிவத்தைச் சலித்து இரண்டே கேள்வியாக்கினார்கள். கடந்த பன்னிரண்டு மாதத்தில், கையில் காசு வருவதற்குள் வீட்டில் உணவு தீர்ந்துவிடுமோ என்று கவலைப்பட்டதுண்டா? வாங்கிய உணவு தீர்ந்து, மேலே வாங்கப் பணமில்லாமல் போனதுண்டா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் அந்த வீட்டைக் கவனிக்க வேண்டும். 2015-இல் அந்நாட்டுக் குழந்தை மருத்துவர் சங்கம் எல்லா மருத்துவரும் இதைக் கேட்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. கேட்க ஒரு நிமிடம் போதும்.

பன்னிரண்டு மாதம் என்பதைக் கவனித்தீர்களா? நம் ஊருக்கென்றே வைத்தது போல இருக்கிறது! ஆகஸ்டு மாதம் ஆலை வேனில் ஏறிப் போகிறவளை நிறுத்தி, "இன்று சாப்பிட்டாயா?" என்றால் ஆம் என்பாள்; உண்மையும் அதுதான். கார்த்திகையில் என்ன ஆயிற்று என்று கேட்டால் அல்லவா கதை வெளியே வரும்!

பசி தெரியாமல் கொடுத்த மருந்து சில நேரம் ஆளையே சாய்க்கும். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்தவர் சாப்பிடாவிட்டால் இரத்தச் சர்க்கரை மளமளவென்று இறங்கும். வியர்த்து, நடுங்கி, மயங்கி விழுவார். கலிபோர்னியாவில் 2000 முதல் 2008 வரையிலான ஆஸ்பத்திரிக் கணக்கைப் புரட்டிப் பார்த்தார்கள். ஏழைகளிடையே இப்படிச் சர்க்கரை இறங்கி வந்து படுத்தவர் தொகை, மாதத்தின் முதல் வாரத்தைவிடக் கடைசி வாரத்தில் 27 விழுக்காடு அதிகம். பணக்காரரிடம் அந்த ஏற்ற இறக்கம் இல்லை. அங்கே மாதக் கடைசி. இங்கே ஆலை அடைத்த வாரம்.

காசநோய்க்கு வருவோம். நம் சென்னையிலேயே ஒரு புகழ்பெற்ற ஆராய்ச்சி நடந்தது. 1956-இல் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு நிலையம், வீட்டில் இருந்தபடி மருந்து உண்டவரையும் சானடோரியத்தில் படுத்து நல்ல உணவோடு மருந்து உண்டவரையும் ஒப்பிட்டது. 1959-இல் முடிவு வந்தது: இருவரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தனர். உலகமே வியந்தது, சானடோரியக் கட்டில்கள் காலியாயின. நல்லதே நடந்தது. ஆனால் அந்த முடிவின் நிழலில் இன்னொரு எண்ணமும் வளர்ந்துவிட்டது: மருந்து போதும், சோறு பற்றிக் கவலை வேண்டாம் என்ற எண்ணம். அதற்கு மறுமொழி 2023-இல் ஜார்க்கண்டிலிருந்து வந்தது. 2,800 நோயாளிகள், அவர்கள் வீட்டார் 10,345 பேர். வீட்டாரில் ஒரு பிரிவினருக்குப் பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம் பருப்பு, சத்து மாத்திரை. ஊசியில்லை, புது மருந்தில்லை. அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது! நோயாளிகளிலும், முதல் இரண்டு மாதத்தில் உடல் எடை நூற்றுக்கு ஐந்து பங்கு கூடியவர்களிடம் சாவு 61 விழுக்காடு குறைவாக இருந்தது. மருந்து கிருமியைக் கொல்கிறது. கிருமியை எதிர்த்து நிற்கும் உடம்பைச் சோறு கட்டுகிறது. ஆளுக்கு மாதம் ஒன்றரைக் கிலோ பருப்பு அங்கே. அட்டைக்கு ஒரு கிலோ இங்கே.

நம் மாநிலமே ஒரு நல்ல வழியைக் காட்டியிருக்கிறது. 2022 ஏப்ரலில், சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தோடு சேர்ந்து, காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைத் தொடங்கினார்கள். நோய் கண்ட உடனே ஆளை நிறுக்க வேண்டும், உயரம் அளக்க வேண்டும். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு 14-க்கு மேல் ஏறாதவரா, தாங்காமல் நிற்க முடியாதவரா, மூச்சு வாங்குகிறதா என்று பார்த்து, அப்படிப்பட்டவரை வீட்டுக்கு அனுப்பாமல் படுக்கையில் சேர்த்துக் கவனிக்க வேண்டும். பாருங்கள், மெலிவையும் ஒரு நோய்க்குறியாக எழுத ஒரு நோய்க்குக் கட்டம் வந்துவிட்டது! ஒரு நோய்க்கு வந்தது மற்ற நோய்க்கு வரக்கூடாதா? பிரசவத்துக்கு வருகிறவளுக்கு, இரத்தசோகைக்காரிக்கு?

தீக்காயத்துக்கு? இதை நம் பகுதி மறக்கலாமா? 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கு மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்தோம். அன்று மட்டுமல்ல, ஆண்டுதோறும் கருகி வருகிறவர்களைப் பார்த்துப் பழகிய ஆஸ்பத்திரிகள் நம்முடையவை. பெரிய தீக்காயம் பட்ட உடம்பு சும்மா படுத்திருந்தாலும் சக்தியை எரித்துத் தள்ளுகிறது. புரதம் இல்லாமல் புதுத் தோல் வளராது. கட்டுப் பிரித்து அனுப்பும்போது, "முட்டை சாப்பிடு, பருப்பு சாப்பிடு, பால் குடி" என்கிறார்கள். எந்தக் காசில்? வேலைக்குப் போன கை வெந்து கிடக்கிறது. துணைக்கு வந்து உட்கார்ந்த மனைவியின் கூலியும் போயிற்று. நட்ட ஈட்டுத் தாள் எந்த மேசையில் இருக்கிறதோ! புண் ஆறவில்லை என்று மறுபடி வருவான். மறுபடியும் மருந்து எழுதுவார்கள்.

கேள்வி மட்டும் போதாது. கேட்டுவிட்டு, "அடடா!" என்று தலையாட்டி அனுப்புவது கேட்காமலிருப்பதைவிடக் கொடுமை. கேட்கும் வாய்க்குப் பின்னால் கொடுக்கும் கை வேண்டும். கைகள் இருக்கின்றன, ஒன்றுக்கொன்று தெரியாமல் இருக்கின்றன. காசநோயாளிக்கு மாதம் 500 ரூபாய் என்று 2018-இல் வந்த ஊட்டத் தொகை 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆயிற்று. நிக்சய் போஷன் யோஜனா என்று பெயர். பெயர் நம் நாக்கில் புரளாது. பணம் நம் வரிப்பணம், விடாதீர்கள்! வங்கிக் கணக்கு சரியில்லாவிட்டால் வந்து சேராது. இ.எஸ்.ஐ.-யில் பதிவான தொழிலாளி நோயில் படுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு. காசநோய் போன்ற நீண்ட நோய்க்கு, போதிய காலம் பங்கு கட்டியிருந்தால், 80 விழுக்காடு, இரண்டாண்டு வரை. எத்தனை பேர் கேட்டு வாங்கியிருக்கிறோம்? பதிவேட்டில் பெயரே ஏறாமல் வேலை செய்பவருக்கு அதுவும் இல்லை. பெயரை ஏற்றச் சொல்லிப் போராடுவது தொழிற்சங்கத்தின் கடமை. மருந்துக் கவுண்டருக்கு அடுத்தாற்போல் ஒரு மேசை, ஒரு ஊழியர், ரேஷன் அட்டை மனு, இ.எஸ்.ஐ. தாள், கணக்குத் திருத்தப் படிவம். இவ்வளவுதான் கேட்கிறோம். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கி வாசலுக்கே மாத்திரை கொண்டு சென்ற பெண்களின் பதிவேட்டிலும் ஒரு வரி சேர்த்தால் போதும். 2018-இல் மத்திய அரசு முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று பட்டியல் போட்டு அதில் விருதுநகரையும் சேர்த்தது. அதில் மதிப்பெண் 100-க்கு 30 உடல்நலத்துக்கும் ஊட்டத்துக்கும்தான். மதிப்பெண் போடுகிறவர்களே, கேள்வியையும் கேளுங்கள்!

1920-இல் தியாகராயர் சென்னை மாநகராட்சியில் தலைமை ஏற்றிருந்தபோது ஆயிரம் விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டபோதும், படிக்க வந்த இடத்தில் சாப்பாடு எதற்கு என்று கேட்டார்கள். விருதுநகர் பெற்றெடுத்த காமராசர் 1950-களில் மதிய உணவை ஊரூராகப் பரப்பியபோதும் கேட்டார்கள். 1982-இல் சத்துணவு வந்தது, 2022-இல் காலை உணவு வந்தது. பள்ளிக்கூடம் பசியைக் கேட்கக் கற்றுக்கொண்டு நூறாண்டாகிறது. ஆஸ்பத்திரிக்கு இன்னும் நாக்கு எழவில்லை.

எப்படிக் கேட்பது என்பதிலே கவனம் வேண்டும், தோழர்களே. நம்மில் "சாப்பிட்டாச்சா?" என்பது வணக்கம் போல. "ஆச்சு" என்பது பதில் வணக்கம். மூன்று வேளை பட்டினி கிடந்தவளும் "ஆச்சுய்யா" என்றுதான் சொல்வாள். மானம் அப்படி! வரிசையில் நாலு பேர் காது கேட்க ஒருவரிடம் பசியைக் கேட்பது அவமதிப்பு. தனியே கூப்பிட்டு, "யக்கா, போன மாசம் ரேஷன் அரிசி எத்தனை நாளைக்கு வந்துச்சு? பருப்பு கடைசியா என்னைக்கு வாங்கினீங்க?" என்று ஒரு பெண் கேட்டால் பதில் வரும். இது இரக்கம் காட்டும் பேச்சல்ல. உரிமைக் கணக்கைப் பார்க்கும் பேச்சு.

அரசு மேசை போடும் வரை காத்திருக்க வேண்டாம். இந்தத் தீபாவளி முடிந்து ஆலை அடைத்த மறுவாரம், ஒவ்வொரு கிளையிலும் இரண்டு தோழர்கள், அதில் ஒருவர் பெண், ஆஸ்பத்திரி வாசலில் அனுமதி பெற்று உட்காருங்கள். கொடி வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம். வேண்டியவை: மனுத்தாள், பேனா, ரேஷன் கடை திறக்கும் நாள் எழுதிய அட்டை, எழுதத் தெரிந்த ஒரு கை, வங்கிப் புத்தகத்தை நகல் எடுக்கச் சட்டைப் பையில் கொஞ்சம் சில்லறை.